ரிப்பனுக்குப் பின்னால் பன்னிரண்டு கார்கள்

மரிய ஜோசப்பின் கார் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வளாகத்துக்குள் போனது. மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் வெளியே விட்டுவிடுவோம் என்று சொல்லித்தான் உள்ளே கூப்பிட்டார்கள். எந்த மறுநாள் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் சிதம்பரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு, காலண்டரில் வரும் மறுநாள் வேறு, விழாக் குழு சொல்லும் மறுநாள் வேறு என்பது தெரியாமல் போனது அவன் தப்புதான்.

அதுவரைக்கும் அந்தக் கார்கள் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் நின்றுகொண்டிருந்தன. போர்டு கிடையாது, நம்பர் கிடையாது. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் நேராக மரத்தடிக்கு வருவார்கள், காரில் ஏறுவார்கள், போவார்கள். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடக்கிறது என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று கடலூரில் சிலருக்குத் தோன்றியது. அவர்கள்தான் நகர்ப்புற வாடகை ஊர்திக் காத்திருப்பு மேம்பாட்டு வாரியம். அப்படி ஒரு வாரியம் அமைக்கப்பட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருடமும் மேம்படுத்துவதற்கு ஒரு காத்திருப்பு கிடைக்காமல் வாரியம் தவித்துக்கொண்டிருந்தது.

வளாகம் என்றால் மதில் சுவர் வைத்த நீளமான ஒரு சந்து. பின்பக்கம் நுழைவு, முன்பக்கம் வெளியேற்றம். நடுவில் மஞ்சள் பெயின்டில் பன்னிரண்டு கட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு கார் அகலம்தான். நிழல் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை. ஆனால் வாசலில் ஆள் உயர எழுத்துகளில் 'நான் சிதம்பரத்தில் காத்திருக்கிறேன்' என்று எழுதி, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விளக்குப் போட்டு, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு மேடை மட்டும் கட்டியிருந்தார்கள்.

முன்பக்கம் இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. சென்னையிலிருந்து வாரியத் தலைவர் வந்து ரிப்பனை வெட்டுவார்; வெட்டியதும் முதல் கட்டத்தில் நிற்கும் கார் ஆரன் அடித்துக்கொண்டு கம்பீரமாக வெளியே வரும். இதுதான் நிகழ்ச்சி நிரல். புதன்கிழமை ஐந்து மணிக்கு மரத்தடி வரிசையில் முதலாவதாக நின்றது ஜோசப்பின் கார் என்பதால் முதல் கட்டம் அவனுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் பெருமையாக வேறு சொன்னான்.

வியாழக்கிழமை பத்தரைக்குக் கள மேற்பார்வையாளர் அருள்மொழி வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருக்கிற மனிதர்.

"தலைவருக்கு இன்னிக்கு வேற ஒரு திறப்பு விழா. நாளைக்குக் கண்டிப்பா வந்துடுவாரு. வண்டிங்க அப்புடியே நிக்கட்டும்."

"நாளைக்கு எனக்கு டிரிப்பு இருக்கு சார்" என்றான் ஜோசப்.

அந்த டிரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீரப்பாளையத்தில் ராமாமிர்தம் என்று ஓர் அம்மாள், அறுபத்து மூன்று வயது, தனிக்கட்டை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தவர். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை பத்து மணிக்குக் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். மூன்று வருடமாக ஜோசப்தான் கூட்டிப்போகிறான். எந்த மேட்டில் வண்டியை மெதுவாக ஏற்ற வேண்டும், முன் சீட்டை எவ்வளவு சாய்க்க வேண்டும், திரும்பி வரும்போது எத்தனை முறை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து வரும் அம்மாள் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார். வீட்டு வாசலில் எழுப்பிக் கையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டு வருவான். இதற்கெல்லாம் எந்த வாரியமும் அவனுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பின்பக்கம் திறந்துதான் கிடந்தது. கடைசிக் கட்டத்தில் நின்ற அருண்குமார் ரிவர்ஸ் எடுத்தால் போதும், அவன் பின்னால் ஒவ்வொருவராகப் பன்னிரண்டு பேரும் கால் மணி நேரத்தில் வெளியே போயிருக்கலாம். அருண்குமார் கேட்கவும் செய்தான்.

"மாமா, நான் பின்னால எடுத்துடவா?"

இரண்டாவது கட்டத்தில் நின்ற தங்கராசுதான் ஸ்டாண்டுக்குப் பெரிய ஆள். "எடுப்பியே! டர்னு என்னடா ஆவறது? கடைசி வண்டி மொதல்ல போவுமா? அப்புறம் ஜோசப்பு வண்டி பன்னெண்டாவது ஆயிடும். அவன் நேத்து சாயங்காலத்துலேருந்து மொத டர்னுல நிக்கிறான்."

மரத்தடியில் எல்லாவற்றிலும் சண்டை வரும், டர்னில் மட்டும் வராது. முன் வண்டி சவாரிக்குப் போனால் பின் வண்டியைப் பெட்ரோல் செலவில்லாமல் கையால் தள்ளி முன்னால் கொண்டுபோவார்களே தவிர, எவனும் முந்த மாட்டான். வரிசையை விட்டு ரிவர்ஸ் எடுத்தவன் அன்றைக்கு அவ்வளவுதான். எல்லாரும் ஜோசப்பைப் பார்த்தார்கள். விட்டுக்கொடுத்துவிடு என்று தங்கராசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் விட்டுக்கொடுத்திருப்பான். தங்கராசு சொல்லவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. முதல் டர்ன் ஆயிற்றே! ராத்திரி வந்த ஆட்கள் பின்பக்கத்தை அடைத்து விழா மேடையைப் போட்டுவிட்டார்கள். மேடைக்கு மேல் பந்தல், பந்தலுக்கு மேல் வாரியத் தலைவர் இருபதடி உயரத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை தலைவர் வரவில்லை. அன்று முகூர்த்த நாள், வெளியூர்க் கார் ஒன்றுகூடச் சிக்கவில்லை. கார் டிரைவரான மரிய ஜோசப் தன் சவாரியைப் பஸ்ஸில் கூட்டிப்போனான். கீரப்பாளையத்திலிருந்து மினிபஸ், சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ். கல்யாணக் கூட்டம். பரங்கிப்பேட்டை விலக்கு வரைக்கும் அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். குடிகாடு ஆலைகள் வந்தபோது ரசாயன நெடி ஜன்னல் வழியாக ஏறியது. அம்மாள் அவன் கைத்துண்டில் வாந்தி எடுத்தார். போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது. அடுத்த ஆள் காத்திருந்ததால் நாலு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம்தான் மெஷின் கிடைத்தது.

நர்ஸ் மேரி ஷாலினி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அண்ணே, ஒடம்புல தண்ணி ஜாஸ்தியா நிக்குது. பாதிதான் எடுத்திருக்கோம். செவ்வாக்கெழமையும் இப்புடி வந்தீங்கன்னா மூச்சு முட்டிடும். வெளையாட்டு இல்ல."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அருள்மொழி ஒரு பெரிய நோட்டோடு வந்தார். அட்டையில் 'காத்திருப்பு வருகைப் பதிவேடு' என்று எழுதியிருந்தது. காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் ஒவ்வொரு டிரைவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் அன்றைக்கு ஆப்சென்ட். எஞ்சின் ஓடினால் அது காத்திருப்பு ஆகாது என்று விதி சொல்கிறதாம். மூன்று நாள் ஆப்சென்ட் ஆனால் ஊருக்குள் ஆள் ஏற்றும் அனுமதியே போய்விடுமாம். கையெழுத்து முடிந்ததும் எல்லாரையும் வெயிலில் உட்காரவைத்து 'முறையாகக் காத்திருப்பது எப்படி' என்று வகுப்பு எடுத்தார்.

"காத்திருத்தல்னா என்ன? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

"சவாரி வர்ற வரைக்கும் நிக்கிறதுங்க" என்றார் தங்கராசு.

"தப்பு. சவாரி வந்துட்டா காத்திருத்தல் கெட்டுப்போயிடும். போன வருஷம் நாங்க மரத்தடியில ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். ஒரு வண்டி சராசரியா நாப்பது நிமிஷம்தான் நிக்குது. அதுக்குள்ள எவனாவது வந்து ஏறிடுறான். இப்ப பாருங்க, வளாகம் வந்து மூணு ராத்திரியில ஒரு வண்டிக்கு அறுபத்துநாலு மணி நேரம் வந்துடுச்சு. இந்தியாவுலயே இது மொத தடவை. இத நான் மேல எழுதியிருக்கேன்."

"அப்ப சவாரிக்கு எப்ப சார் போறது?" என்று அருண்குமார் கேட்டான்.

"தம்பி, சவாரி வேற துறை. நாங்க காத்திருப்பு."

கடைசியில் ஆளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இன்னார் திருப்திகரமாகக் காத்திருந்தார் என்று அதில் அச்சடித்திருந்தது. ஜோசப் அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டான்.

"சார், ஒரு நோயாளி அம்மா இருக்காங்க. ரிப்பன அவுத்து என் வண்டிய மட்டும் விட்டுட்டு மறுபடியும் கட்டிடுங்களேன். நானே கட்டித் தர்றேன்."

அருள்மொழி பதறிப்போனார். "ரிப்பன அவுக்கிறதா! ஒருதடவ கட்டிட்டா அது வாரியத்தோட சொத்து. வெட்டித்தான் எடுக்கணும்னு சுற்றறிக்கை இருக்கு. வெட்டுற அதிகாரம் தலைவருக்கு மட்டும்தான். கடலூர் ஆபீசுல கேட்டுப் பாருங்க."

திங்கட்கிழமை ஜோசப் கடலூருக்குப் போனான், மறுபடியும் பஸ்ஸில். வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் காத்திருப்போர் கூடம் என்று ஒரு பெரிய கதவு இருந்தது, பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சிதம்பரம் விழா வேலையாகப் போயிருக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். மாடிப்படியில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு இணை இயக்குநர் சேரன் கூப்பிட்டார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மனுவை முழுசாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இன்னும் தெறக்காத வளாகத்துல வண்டி எப்புடிங்க நிக்கும்?"

"நிக்குது சார். அஞ்சு நாளா நிக்குது."

"அவசரப்படாதீங்க. யோசிச்சுப் பேசுங்க. வண்டி நிக்குதுன்னா வளாகம் பயன்பாட்டுல இருக்குன்னு அர்த்தம். பயன்பாட்டுல இருந்தா தெறந்தாச்சுன்னு அர்த்தம். தலைவர் வராம தெறந்தது யாருன்னு விசாரணை வரும். மொத கட்டத்துல யாரு வண்டி?"

"என் வண்டி சார்."

"பாத்தீங்களா."

சேரன் இரக்கத்தோடு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தானே நாலு வரி எழுதினார். 'எனது வாகனம் மேற்படி வளாகத்தில் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.' பேனாவையும் நீட்டினார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க. ஒங்களுக்கு ஒரு தொல்லையும் வராது."

போட்டான். வேறு என்ன செய்வான்? போட்டுவிட்டு, "வண்டிய எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டான்.

"எந்த வண்டிய?"

"வளாகத்துல நிக்கிற என் வண்டிய."

சேரன் அந்தத் தாளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். கோபமெல்லாம் இல்லை, வருத்தம்தான். "ஜோசப், நான் இந்த வாரியத்துக்கு வந்து ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்துல ஒரே ஒரு வளாகம் கட்டியிருக்கோம். அதையும் வண்டிங்க வந்து போயி அழுக்காக்கிட்டா தலைவர் எதைத் தெறப்பாரு? சொல்லுங்க. கொஞ்சம் எங்க கஷ்டத்தையும் புரிஞ்சுக்கோங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜோசப் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. புவனகிரியில் தெரிந்த டிரைவருக்குப் போன் போட்டு, நாளைக்கு ஒரே ஒரு டிரிப் வாடா என்று கெஞ்சினான். வளாகத்தில் பதிவில்லாத வண்டி சிதம்பரத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் ஏற்றினால் பறிமுதல் என்று வாரியம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது மச்சான், என்னை விட்டுவிடு என்று அவன் போனை வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பேண்டு வாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள். தலைவர் கண்டிப்பாகப் பதினோரு மணிக்கு வருகிறார். எட்டரை மணி மினிபஸ்ஸில் ராமாமிர்தம் அம்மாள் வந்து இறங்கினார். ஜோசப் ஓடினான். அம்மாளின் கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. செருப்பு நுழையாமல் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பஸ்ஸிலிருந்து வளாகத்து வாசலுக்கு நூறு அடிகூட இருக்காது. அதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். முடியாமல் 'நான் சிதம்பரத்தில் காத்திருக்கிறேன்' மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அருள்மொழி ஓடிவந்தார். "அம்மா, அதுல ஒக்காரக் கூடாது. அது போட்டோவுக்கு மட்டும்."

"சார்" என்றான் ஜோசப். "இவுங்கதான் நான் சொன்ன அம்மா. பத்து மணிக்குக் கடலூர்ல இருக்கணும். கொஞ்சம் பாருங்க, மூச்சு விட முடியாம ஒக்காந்திருக்காங்க."

அருள்மொழி பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு! மொதல் பயணின்னு நிரல்ல ஒரு எடம் காலியா கெடக்கு. தலைவர் ரிப்பன வெட்டின ஒடனே இந்த அம்மாவ ஏத்தி ஒரு போட்டோ எடுத்துடலாம். வயசானவுங்க, நோயாளி வேற. பேப்பர்ல வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்! ரெண்டரை மணி நேரம்தானே? அம்மா, பொறுத்துக்குவீங்கல்ல?"

ராமாமிர்தம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பேசுவதற்கு இரண்டு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.

"தம்பி, நான் செத்துட்டா போட்டோ எடுத்துக்குவீங்களா, இல்ல அது வேற துறையா?"

ஜோசப்புக்கு ஆறு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அப்போது தலைக்கு ஏறியது. முதல் டர்னுக்கு ஆசைப்பட்டு வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றானே, அந்த அவமானமும் சேர்ந்து ஏறியது. அம்மாளைக் கைத்தாங்கலாக ரிப்பனுக்கு அடியில் குனியவைத்துக் கூட்டிப்போனான். முன் சீட்டைச் சாய்த்து உட்காரவைத்தான். சாவியைத் திருகினான்.

"எஞ்சின் ஓடுது! ஆப்சென்ட் போட்டுடுவேன்!" என்று அருள்மொழி நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"போடுங்க சார். நல்லா அழுத்திப் போடுங்க."

கார் நகர்ந்தது. டெண்டர் விட்டு வாங்கிய ரிப்பன், லேசில் அறுகிற சரக்கு இல்லை. பானெட்டை அழுத்திக்கொண்டு விறைத்து நின்றது. அறுந்தது ரிப்பன் அல்ல. இரண்டு பக்கக் கம்பங்களும் முள்ளங்கி மாதிரி வேரோடு வந்துவிட்டன. மூன்றடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் போட்டதாகக் கோப்பில் இருக்கிறது. ஒரு சாண் ஆழம்கூட இல்லை, அடியில் காய்ந்த களிமண்தான் ஒட்டியிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாத பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். வண்டி வெளியே வந்தால் வாசிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. ஜோசப் இறங்கி, கம்பங்களை எடுத்து மதிலோரம் சாய்த்தான். ரிப்பனை அவிழ்த்து ஒழுங்காக மடித்து அருள்மொழியின் கையில் வைத்தான்.

"சார், ஒங்க சொத்து பத்திரம். வெட்டல, அறுக்கல. எண்ணிப் பாத்துக்கோங்க."

அவன் கார் தெருவில் திரும்பும்போது கண்ணாடியில் தங்கராசுவின் கார் வெளியே வருவது தெரிந்தது. அதற்குப் பின்னால் மூன்றாவது, நாலாவது. ஒருவர்கூட முந்தாமல், டர்ன் பிசகாமல், பதினோரு கார்களும் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தன.

பத்து ஐந்துக்கு அம்மாள் மெஷினில் படுத்துவிட்டார். மேரி ஷாலினி முதலில் ஊசியைப் போட்டாள், பிறகு ஜோசப்பைத் திட்டினாள். முழுசாக நாலு மணி நேரம் ஓட்டினால்தான் சரியாகும், ஒரு நிமிடம்கூடக் குறைக்க முடியாது என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணாடி வழியாக அம்மாளின் முகம் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கி, தூங்கிப்போயிருந்தார். ஆறு நாளில் முதல் தடவையாக ஜோசப் காலை நீட்டிக்கொண்டான்.

பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. அருள்மொழி. குரல் உடைந்திருந்தது, பின்னால் மைக்கில் யாரோ ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஜோசப், தலைவர் வந்துட்டாரு. கம்பத்த நட்டுட்டோம், ரிப்பன கட்டிட்டோம். உள்ள ஒரு வண்டி இல்ல. மரத்தடியில போயிக் கேட்டா மொத டர்னு ஒன்னோடதாம், நீ வராம ஒருத்தனும் உள்ள வர மாட்டேங்குறான். தலைவர் கத்திரிக்கோல கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு ஜோசப். சேரன் சார் வேற என்னையே மொறைக்கிறாரு. எவ்ளோ நேரத்துல வருவ?"

ஜோசப் எட்டி மெஷினைப் பார்த்தான். இன்னும் இரண்டு மணி ஐம்பது நிமிடம் பாக்கி காட்டியது.

"இங்க முடிய மூணு மணி நேரம் ஆவும் சார். அப்புறம் அம்மாவ வீட்டுல விட்டுட்டுத்தான் வர முடியும்" என்றான். "தலைவர காத்திருக்கச் சொல்லுங்க. அதுக்குன்னுதானே அம்மாம் பெரிய எடம் கட்டி வச்சிருக்கீங்க."